கேப்டனும் மேஜரும் பேசிக்கொள்வதில்லை

எங்கள் வீட்டில் மாடியில் மாமா இருக்கிறார், கீழே அப்பா இருக்கிறார், நடுவில் மாடிப்படியில் அம்மா இருக்கிறாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அம்மா பெரும்பாலும் அந்தப் படியில்தான் இருக்கிறாள். "தண்ணி மோட்டாரை எப்போ போடப் போறான்னு அவனைக் கேளு" என்று அப்பா கீழேயிருந்து சொல்வார். அம்மா ஏறுவாள். "போட்டாச்சுன்னு அந்த ஆள்கிட்ட சொல்லு" என்று மாமா மேலேயிருந்து கத்துவார். அது தெருமுனை வரைக்கும் கேட்கும், அப்பாவுக்கு மட்டும் கேட்காது. அம்மா மூச்சு வாங்க இறங்கி வந்து சொன்ன பிறகுதான் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, "ஓ, போட்டாச்சா" என்பார். இதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிட்டது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். உப்பா காரணம்?

காரணம் ஒரு சினிமா. ஓர் ஆற்றுப் பாலத்துக்காக இரண்டு படைகள் அடித்துக்கொள்ளும் போர்ப் படம். வந்து நாற்பது வருடம் ஆகியும் இன்னும் தொலைக்காட்சியில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதில் மாமா நம் பக்கத்துக் கேப்டன், அப்பா எதிரிப் பக்கத்து மேஜர். இன்றைக்கும் கடைத்தெருவில் மாமாவுக்கு சல்யூட் அடிப்பவர்கள் உண்டு. அப்பாவை முறைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அந்தப் படத்துக்கு முன்னால் இருவரும் ஒரே நாடகக் குழுவில் ஈருடல் ஓருயிராக இருந்தவர்கள். அந்தச் சிநேகத்தில்தான் மாமா தன் தங்கையை அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார். அம்மாவும் மாமாவும் பிறந்த வீட்டிலேயே எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள்.

படத்தின் டைரக்டர் ஒரு முசுடு. முதல் நாளே நடிகர்களை இரண்டாகப் பிரித்து, நம் பக்கத்து ஆட்களை ஊருக்குள் ஓட்டலிலும், எதிரிப் பக்கத்து ஆட்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்திலும் தங்க வைத்தார். ஒரு பக்கத்தான் மறுபக்கத்தானோடு ஒரு வார்த்தை பேசினாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வெறுப்பு முகத்தில் நிஜமாக வர வேண்டுமாம். அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. அவர் 'கட்' சொல்லும்வரை ஒருவரும் பாத்திரத்தை விட்டு இறங்கக் கூடாது. தலைமேல் கூரை விழுந்தாலும் மேஜர் மேஜராகவே சாக வேண்டும்.

பிடிபட்ட கேப்டனை மேஜர் கன்னத்தில் அறையும் காட்சி ஒன்று உண்டு. நிஜமாகவே அறையச் சொன்னார் டைரக்டர். அப்பா அறைந்தார், டேக்குக்கு மேல் டேக்காக. மாமாவுக்குக் காது ரீங்காரம் போட்டது. மச்சான் வந்து ஒரு வார்த்தை கேட்பான் என்று மாமா காத்திருந்தார். பேசக் கூடாது என்று ஆர்டர் இருக்கிறதே, அவனுக்கே புரியும் என்று அப்பா இருந்துவிட்டார். படம் வெளியாகும் நாளில் விருந்து வைத்து, எல்லோரையும் கை குலுக்கச் செய்து, அந்த ஆர்டரை நீக்குவேன் என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் எடிட்டிங் அறையிலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மற்றவர்கள் அவருடைய சாவு வீட்டிலேயே ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வீட்டு இரண்டு ரத்தினங்கள் மட்டும், அவன் முதலில் பேசட்டும் என்று ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள்தான். செத்துப்போன மனிதரின் ஆர்டரை இவ்வளவு சிரத்தையாக நிஜப் பட்டாளத்தில்கூட எவனும் காப்பாற்றியிருக்க மாட்டான்.

நான் ஆவணப்படம் எடுப்பவள். அந்தப் பழைய படத்தைத் துடைத்துப் புதுப்பித்து வெளியிடப் போகிற ஓர் ஓடிடி கம்பெனி, கூடவே போட ஓர் ஆவணப்படம் வேண்டும் என்று என்னைத் தேடி வந்தது. பழைய நடிகர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூட வேண்டும். கேப்டனும் மேஜரும் கை குலுக்க வேண்டும். "அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் மேடம் இந்தப் படமே" என்றாள் கம்பெனியிலிருந்து வந்த பெண். ஆளை விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இலவசமாக அனுபவிப்பதை லைட் போட்டு வேறு அனுபவிக்க வேண்டுமா?

அம்மாதான் விடவில்லை. அந்த வாரம்தான் எலும்பு டாக்டர் அவளுடைய முட்டிகளைப் பார்த்துவிட்டு, இனிமேல் படி ஏறினால் நடையே நின்றுபோகும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

"ஒத்துக்கோடி" என்றாள். "அவங்க ரெண்டு பேரும் பேசிட்டா நான் ஏன் ஏறி எறங்கப் போறேன்? கேமரா முன்னாடின்னா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. நடிகனுங்க. எனக்கு இதை விட்டா வேற வழி தெரியல."

"கேமராவுக்காகப் பேசுறதெல்லாம் ஒரு பேச்சாம்மா?"

"எப்படியோ ஒரு தடவை வாயைத் திறக்கட்டும். திறந்த வாய் மறுபடி மூடாது" என்றாள். அவள் அதை நம்பினாள். எனக்கும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஸ்டுடியோ தளத்தில் மணல் மூட்டைகள் அடுக்கி ஒரு பதுங்குகுழி போட்டோம். உயிரோடு இருந்த நடிகர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். யாரும் சொல்லாமலே நம் பக்கம் ஒரு வரிசையாகவும் எதிரிப் பக்கம் ஒரு வரிசையாகவும் உட்கார்ந்தார்கள். படத்தில் வயர்லெஸ் பெட்டியைச் சுமந்து திரிந்த நடிகரை எல்லோரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் இரண்டு வரிசைக்கும் போய் எல்லோருடைய முதுகிலும் தட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"உங்க அப்பாவும் மாமாவும் இன்னுமா பேசல?"

"இல்லைங்க."

"அடப் பாவிகளா! அந்தச் சண்டையில செத்தவங்ககூட இப்ப பேரன் பேத்தி எடுத்தாச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பேட்டி எடுத்தால் அது ஒரு தனி வேதனை. கன்னத்தில் விட்ட அந்த அறையைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். "அதை அடி வாங்கின ஆள்கிட்ட கேளு" என்றார். மாமாவிடம் கேட்டேன். "அடிச்சவனுக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கும், கேட்டுச் சொல்லு" என்றார். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அந்த ஒரு முழத்துக்கும் அம்மா கூப்பிடப்பட்டாள். ஃபேனைத் திருப்பி வைக்கச் சொல்ல, கண்ணாடி கழற்றலாமா என்று கேட்க, நாற்காலியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தச் சொல்ல. சாப்பாட்டு நேரத்தில் அப்பா தளத்தின் ஒரு மூலையில், மாமா இன்னொரு மூலையில். அம்மா ஊன்றுகோல் இல்லாமல் நடுவே நடந்துகொண்டிருந்தாள். "நீயே போய்ச் சொல்லேன் மாமா, பத்தடி தூரம்தானே" என்றேன். மாமா என்னை, நான் ஏதோ தேசத்துரோகம் பேசிவிட்டதைப் போலப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்து கைகுலுக்கும் காட்சிக்கு வந்தோம். இரண்டு பேரையும் பதுங்குகுழியில் எதிரெதிரே நிறுத்தினோம். இவர்கள் விறைத்துக்கொண்டு நிற்பார்கள், விரல் நுனியைத் தொட்டுவிட்டுக் கம்பி நீட்டுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆக்‌ஷன் சொன்னேன்.

அப்பாவின் உதடு துடித்தது. "மச்சான்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. "உன்னை அடிச்ச கைடா இது. இந்தக் கையாலதான் இத்தனை வருஷம் சாப்பிடறேன். ஒவ்வொரு வாய்க்கும் உன் முகம்தான் வருது."

மாமா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "அடிச்சது மேஜருடா. என் மச்சான் என்னை எங்கேடா அடிச்சான்?"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கம்பெனிப் பெண் அழுதாள். ரேடியோ மூக்கைச் சிந்தினார். லைட் போடுகிறவர்கூடக் கண்ணைத் துடைத்தார். மணல் மூட்டைக்குப் பின்னால் நின்ற அம்மா வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நடுவே என்னைப் பார்த்து, பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா என்பதுபோல் தலையை ஆட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

கட் சொன்னேன்.

இரண்டு பேரும் விளக்கை அணைத்ததுபோல் விலகினார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"அவன்கிட்ட சொல்லு. கட்டிப் பிடிக்கும்போது இடது பக்கம் சாயணும். வலது பக்கம் சாஞ்சு என் முகத்தை மறைக்கிறான். கேமரா எங்க இருக்குன்னுகூடவா தெரியாது?"

அம்மாவின் முகத்திலிருந்து அந்தச் சந்தோஷம் வடிந்ததை நான் பார்த்தேன். கைக்குட்டையை மடித்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு முழத்தைக் கடந்து அப்பாவிடம் போனாள்.

"அண்ணன் உங்க நடிப்பை ரொம்பப் பாராட்டினாரு. கொஞ்சம் இடது பக்கமா சாஞ்சா இன்னும் எடுப்பா இருக்குமாம்."

"அவனுக்கு எப்பவும் மூஞ்சிதான். குரல் கம்மிப்போய்க் கிடக்குது, அதை முதல்ல பார்க்கச் சொல்லு."

அம்மா திரும்ப வந்தாள். "தொண்டை கட்டின மாதிரி இருக்காம் அண்ணா. வெந்நீர் குடிச்சுக்கச் சொன்னாரு."

பூசி மெழுகுவதில் அம்மா கைதேர்ந்தவள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு முனையையும் ஒன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டாவது டேக் எடுத்தோம். அப்பா இடது பக்கம் சாய்ந்தார். மாமாவின் குரல் கணீரென்று வந்தது. இன்னும் அருமையாக அழுதார்கள். கட் சொன்னதும் பழையபடி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கை நீட்டி டீ கேட்டார்கள். அம்மா அழவில்லை. பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தாள்.

"சூப்பர் மேடம்! சேஃப்டிக்கு இன்னும் ஒண்ணு எடுத்துடலாம்" என்றாள் கம்பெனிப் பெண்.

"எடுக்கலாமே" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. கேமராமேன் பக்கத்தில் வந்து, "அக்கா, கோபமா இருக்கீங்க, அஞ்சு நிமிஷம் பிரேக் விடலாமா?" என்றான். வேண்டாம், ஓட விடு, நான் சொல்லாமல் எதையும் நிறுத்தாதே என்றேன்.

மூன்றாவது டேக். மச்சான் என்றார், கை என்றார், கன்னம் என்றார், கட்டிக்கொண்டார்கள். அழுது முடித்தார்கள். என்னுடைய கட்டுக்காக இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

நான் கட் சொல்லாமல் அவர்கள் பாத்திரத்தை விட்டு இறங்கவும் முடியாது. அந்த முசுடு டைரக்டரின் பிள்ளைகள் அல்லவா? அப்பா மெதுவாக விலகி மாமாவின் தோளைத் தடவினார். "அப்புறம், மச்சான்?"

"சொல்லு மச்சான்."

"வெயில் ரொம்ப அதிகமா இருக்கு, இல்ல?"

"ஆமா ஆமா. ரொம்ப."

ஏசி போட்ட மூடிய தளத்தில் நின்றுகொண்டு வெயிலைப் பேசினார்கள். கம்பெனிப் பெண், "மேடம்?" என்று இழுத்தாள். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். கேப்டனும் மேஜரும் கையிலிருந்த சரக்கையெல்லாம் செலவழித்தார்கள். பாலத்தைப் பேசினார்கள், படத்தில் வந்த குதிரையைப் பேசினார்கள், செத்துப்போன டைரக்டரைப் புகழ்ந்தார்கள். பிறகு அதுவும் தீர்ந்துபோனது. மாமா தன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தச் சட்டை எனக்கு நல்லா இருக்காடா?" இந்தக் குரலில் கணீர் இல்லை. "நீ அனுப்பினதுதான். வருஷா வருஷம் என் பிறந்தநாளைக்கு மறக்காம ஒண்ணு அனுப்பிடறே. வாய்தான் பேசல, மனசுல வச்சிருக்கானேன்னு நினைச்சுப்பேன். நான் வேற சட்டையே வாங்கறதில்ல, தெரியுமா?"

அப்பா விழித்தார். "எந்தச் சட்டை?"

"இதுதான்."

"நான் எங்கே அனுப்பினேன்?" நடிப்பு முழுக்க உதிர்ந்துபோய்விட்டது. "நீதான், எனக்கு வயித்துல ஆப்பரேஷன் ஆச்சே, அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுலயே பழியா கிடந்தியாம். உள்ள வராட்டியும் வந்தானேன்னு தலைகாணியில முகத்தைப் புதைச்சுட்டு அழுதேன்."

"நானா? நான் அப்போ வெளியூர் ஷூட்டிங்ல இருந்தேன். வந்த பிறகுதான் உனக்கு ஆப்பரேஷன் ஆனதே எனக்குத் தெரியும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே சமயத்தில் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். கையில் பிளாஸ்க்கோடு அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். வருடா வருடம் கடை கடையாக அவள் சட்டை தேடி அலைந்தபோது நானும் கூடப் போயிருக்கிறேன். அவை அப்பாவுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அப்போ இத்தனை வருஷமா நீ சொன்னதெல்லாம் பொய்யா?" என்றார் அப்பா.

"எங்களை முட்டாளாக்கிட்டியேம்மா" என்றார் மாமா. "நீ மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தா, நேர்ல வந்து சண்டை போட்டாவது நாங்க எப்பவோ பேசியிருப்போம்."

"அதானே!" என்றார் அப்பா.

நாற்பது வருடத்தில் முதன்முதலாக இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் அதுதான். குற்றவாளி அம்மா. என் கையில் இருந்த கிளாப் பலகையை எடுத்து இரண்டு பேர் மண்டையிலும் போட வேண்டும் போல இருந்தது. எனக்கு முன்னால் அம்மா பேசிவிட்டாள். பிளாஸ்க்கை மணல் மூட்டைமேல் வைத்தாள்.

"ஆமா, பொய்தான். சட்டை நான் வாங்கினேன். வராந்தாவுல கிடந்தது நான். நீங்க சொல்லி விட்டதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தா, அந்த வீட்டுல எனக்கு அண்ணனும் மிஞ்சியிருக்க மாட்டான், புருஷனும் மிஞ்சியிருக்க மாட்டாரு. அதனால என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இப்போ உங்களுக்குப் பேச வந்துடுச்சு இல்ல? பேசுங்க. நான் இனிமே ரெண்டு பேர்கிட்டயும் பேசப் போறதில்ல."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வெளியே போய்விட்டாள். நான் கட் சொன்னேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. பதுங்குகுழிக்குள் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்துகொண்டிருந்தார்கள். நீ வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன, ஆர்டர் இருந்ததுடா, பெரிய ஆர்டர், என் காதுடா போச்சு, எனக்கு மட்டும் என்ன அன்னிக்குத் தூக்கமா வந்துச்சு என்று நேருக்கு நேர், மூச்சு விடாமல். அம்மா வேண்டிக்கொண்டது இதைத்தான். அதைப் பார்க்க அவள் அங்கே இல்லை.

"இந்தச் சண்டையைத் தூக்கிட்டு ரெண்டாவது டேக்கை வச்சுக்கலாம் மேடம்" என்றாள் கம்பெனிப் பெண். "அதுதான் உண்மையா இருந்தது."

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

கத்தி ஓய்ந்து இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். சேர்ந்து வந்தார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா கார்ல உக்காந்திருக்கா. நீ போய், நாங்க ஏதோ கோபத்துல..."

"வருத்தப்படறோம்னு சொல்லு" என்று மாமா எடுத்துக்கொடுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. "அவ இடத்துல அடுத்து என்னை வைக்கப் பாக்கறீங்களா? உங்களுக்குக் கால் இருக்கு. வாய் இருக்குன்னு இப்போதான் ஊருக்கே காட்டினீங்க. போங்க."

போனார்கள். நானும் பின்னால் போனேன். ஸ்டுடியோ முற்றத்தில் காரின் பின் இருக்கையில் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மாமா விரலால் கண்ணாடியைத் தட்டினார். அவள் பாதி இறக்கினாள். நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அப்பாவின் முழங்கையை இடித்தார்.

மூன்று டேக்கிலும் இம்மி பிசகாமல் அழுத என் அப்பாவுக்கு வாய் வரவில்லை. திறந்தார், மூடினார், நெற்றியைத் துடைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆக்‌ஷன் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஒருவழியாகக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மேஜரின் குரலும் இல்லை, மச்சானின் குரலும் இல்லை. கிழவரின் கரகரத்த குரல்.

"நீ சாப்பிட்டியா?"

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

மணி நான்கைத் தாண்டியிருந்தது. யூனிட்டில் எல்லோரும் சாப்பிட்டிருந்தோம், நான் உட்பட. அம்மா சாப்பிட்டாளா என்று நானும் கேட்கவில்லை.